யார்க் போகிறீர்களா? பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள்

லண்டனிலிருந்து யார்க்குக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான். டிக்கெட் விலையைப் பார்த்ததும் பேசாமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாதி நாள் அதிலேயே போச்சு. ஹீட்டர் ஓடவில்லை, கழிப்பறைக் கதவு மூடவில்லை, என் சீட்டோ அதற்கு நேர் எதிரே. டிரைவரிடம் சொன்னால் 'ஸாரி' என்று சிரிக்கிறார். மிச்சம் பிடித்த காசுக்கு நல்ல தண்டனை.

யார்க் மின்ஸ்டர் என்ற பழைய பேராலயத்தில் நுழைவுக் கட்டணத்தையும் தயவுசெய்து ரூபாயில் கணக்குப் போடாதீர்கள். கிழக்கு ஜன்னல் முன்னால் போய் நின்றதும் எனக்கு எல்லாக் கோபமும் போய்விட்டது. ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு வண்ணக் கண்ணாடி! 1405இல் தொடங்கி 1408இல் கண்ணாடி ஓவியர் ஜான் தார்ன்டன் முடித்தார். பேசிய கூலி 56 பவுண்டு. 2008இல் தொடங்கி பத்து வருடம் நடந்த பழுதுபார்ப்புக்கு ஆன செலவோ ஒரு கோடிப் பவுண்டுக்கும் மேல்.

அந்தக் காசு எங்கே போனது என்று பைனாகுலரில் பார்த்தால்தான் தெரியும். கண்ணாடி விரிசல் விடும்போதெல்லாம் முன்காலத்து ஆட்கள் விரிசல் மேலேயே ஓர் ஈயப் பட்டியை வைத்து ஒட்டிவிடுவார்களாம். நூற்றாண்டுக் கணக்கில் இப்படிச் செய்ததில் முகத்துக்குக் குறுக்கே எல்லாம் கறுப்புக் கோடு. இந்த முறை 311 பலகங்களையும் இறக்கிப் பிரித்து, அந்த வேண்டாத ஈயத்தை எடுத்துவிட்டு, உடைந்த விளிம்புகளைப் பசையால் சேர்த்திருக்கிறார்கள். பைபிளின் உலக முடிவுக் கதையில் வரும் ஏழு தலை மிருகத்தின் பற்கள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன. வெள்ளி உப்பைப் பூசிச் சூளையில் சுட்டால் வருகிற மஞ்சள் நிறம், தேவதைகளின் தலைமுடியில் அப்படியே இருக்கிறது. தேய்ந்துபோன இடங்களைப் புதுசாக்கிப் பளபளவென்று ஆக்காமல் விட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ஊர்க் கோயில் ஓவியங்கள் மேல் எனாமல் அடிப்பவர்களை இங்கே ஒருநாள் கூட்டி வர வேண்டும்.

வெளியே போய்ப் பார்த்தால் ஜன்னல் சப்பென்று இருக்கும், ஏமாறாதீர்கள். அங்கே தெரிவது புறஊதாக் கதிரைத் தடுக்கும் புதுக் கண்ணாடி. பழசை அதற்கு உள்பக்கம், காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு மாட்டியிருக்கிறார்கள். மழையும் புறஊதாக் கதிரும் புதுசோடு நின்றுவிடும். பழைய கண்ணாடியில் ஈரம் பூத்து வண்ணமும் உரியாது.

தெற்குப் பக்க ரோஜா ஜன்னலையும் விடாதீர்கள். 1984இல் பேராலயத்தில் பிடித்த தீயில் சுமார் 40,000 சில்லுகளாக விரிசல் விட்டும் கீழே கொட்டாமல் நின்றது. கண்ணாடித் துண்டுகளைப் பிடித்து நிறுத்துகிற ஈயப் பட்டிகளை அதற்குச் சில வருடம் முன்புதான் மாற்றிக் கட்டியிருந்தார்கள்.

கோபுரம் ஏற 275 படி, அதற்குத் தனிக் காசு. நான் ஏறவில்லை. அந்தக் காசுக்கு ஷாம்பிள்ஸ் சந்தையில் சுடச்சுட ஒரு 'பை' (pie, மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்டது) வாங்கித் தின்றேன், கிரேவி கூடுதலாகக் கேட்டு. இந்தப் பயணத்தில் கொடுத்த விலைக்குச் சரியாக இருந்த சாப்பாடு அது ஒன்றுதான்.