கடுகு டப்பாவில் அத்தை வைத்திருந்த பணம்

பெரியவர்கள் போன பிறகு வீடு ஒதுக்கப் போகிறவர்களிடம் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதினாறு முடிந்த கையோடு பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடாதீர்கள். ஓட்டை டப்பா, கிழிந்த தலையணை, கரையான் அரித்த சாமி படம் எதுவானாலும் சரி, பிரித்து உதறிக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் அது வாசலைத் தாண்ட வேண்டும். எங்கள் அத்தை வீட்டை ஒதுக்கியபோது கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவள். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் ஒரு ஊர். விவரம் தெரிந்த வயதிலிருந்து பீடி சுற்றியவள். சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் போட்டு, சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்கிக் குத்துகிற அந்த வேலையை அவள் கையைப் பார்க்காமலே செய்வாள், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். மாமா இருந்தவரைக்கும் வாரக் கூலி அவர் கைக்குப் போய்விடும். மாமாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் வீட்டில் ஒரு ரூபாய் இருக்கிறது என்று தெரிந்தால் அது உரத்துக்கோ மோட்டார் ரிப்பேருக்கோ போய்விடும், திரும்பி வராது. அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் அத்தைக்கு எங்கிருந்து பணம்? பக்கத்து வீட்டு அக்காவின் பாஸில் (பீடிக் கணக்குப் புத்தகத்தில்) கூடுதலாகச் சுற்றிப் போட்ட காசு, கோழி முட்டை விற்ற காசு, பாத்திரச் சீட்டு எடுத்து அதைப் பாத்திரமாக வாங்காமல் பணமாக வாங்கியது. இதெல்லாம் அத்தை மகளான மதினிக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

முதலில் கிடைத்தது கடுகு டப்பாவில். மதினி கடுகை முறத்தில் கொட்டினாள், அடியில் வட்டமாக வெட்டிப் போட்ட பேப்பர், அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் நோட்டுகள் ஒவ்வொன்றும் விரல் கனத்துக்கு இறுக்கிச் சுருட்டி, பீடி நூலால் கட்டி, இரண்டு முனையும் உள்ளே மடக்கி அமுக்கப்பட்டிருந்தன. "எங்கம்மா நோட்டையும் பீடியாத்தான் சுத்தி வச்சிருக்கா" என்றாள் மதினி. நூலை அறுக்க அவளுக்கு மனசே வரவில்லை. "நீயே பிரி" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள். பீடி லேபிள் காகிதத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிச் சொருகியிருந்தாள் அத்தை. ஒன்றில் "சடங்கு". ஒன்றில் "ஆஸ்பத்திரி". ஒன்றில் "காரியம்". பேத்தி சடங்குக்கும் தன் வைத்தியத்துக்கும் தன் சாவுச் செலவுக்கும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறாள்.

அதற்கப்புறம் நாங்கள் ஒரு சாமானையும் சும்மா விடவில்லை. அரிசி டிரம்மில் அரிசிக்குள் புதைத்த சுருக்குப் பை. கல்யாணப் பட்டின் மூன்றாம் மடிப்பில் ஒரு ஜோடி கம்மல், மஞ்சள் துணியில் முடிந்தது. முருகன் படத்தின் பின் அட்டைக்குள் அடகு ரசீது. தலையணைப் பஞ்சுக்குள் ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படம். பரணில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைப் பானைக்குள் இன்னொரு கட்டு. ஆனால் பீரோவில் ஒன்றுமே இல்லை. பீரோச் சாவி எப்போதும் மாமாவின் அரைஞாணில் தொங்கும்.

எங்கெங்கே கிடைத்தது என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டு ஆம்பளைகள் கை படாத இடமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாள். திருடன் வந்தால் முதலில் அரிசிப் பானையைத்தான் கவிழ்ப்பான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் பயந்தது திருடனுக்கு இல்லை. தானே சம்பாதித்த பணத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்க வேண்டியிருந்திருக்கிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இது வெறும் ஊகம் இல்லை என்று அந்தப் பித்தளைப் பானைக் கட்டு காட்டிக்கொடுத்தது. உள்ளே இருந்ததெல்லாம் பழைய ஐந்நூறும் ஆயிரமும். 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த நோட்டுகள். அத்தை தினமும் பேப்பர் படிக்கிறவள், செய்தி தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. டிசம்பர் 30 வரை வங்கியில் போட அவகாசம் இருந்தது. வீட்டுப் பெண்கள் இரண்டரை லட்சம் வரை போட்டால் வருமான வரித்துறை கேள்வி கேட்காது என்றும் அப்போது சொன்னார்கள். அதிகாரி கேட்டிருக்க மாட்டார். மாமா கேட்டிருப்பார். பணம் ஏது, எத்தனை வருஷமாக இருக்கிறது, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. ஊர் வங்கியில் கால் கடுக்க நின்ற வரிசையில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், காலையில் போட்டால் மத்தியானம் மாமா காதுக்குப் போய்விடும். பணம் போனாலும் போகட்டும், வாயைத் திறக்க வேண்டாம் என்று முடிவு பண்ணியிருக்கிறாள். எத்தனை ஆயிரம் பீடி சுற்றிய காசு அது!

2019-ல் பல்லடம் பக்கம் பூமலூரில் வயதான அக்கா தங்கை இரண்டு பேர் வைத்தியச் செலவுக்கும் இறுதிக் காரியத்துக்கும் என்று சேர்த்து வைத்த 46 ஆயிரம் ரூபாயைப் பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டி, அத்தனையும் செல்லாத நோட்டு என்று தெரிந்து நொந்துபோன செய்தியைப் படித்திருப்பீர்கள். அவர்களுக்கு விஷயமே தெரியாது. எங்கள் அத்தைக்குத் தெரியும், அது இன்னும் வலிக்கிறது.

இப்படிப் பழைய நோட்டு கிடைத்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. 2017-ல் வந்த சட்டப்படி பத்து நோட்டுக்கு மேல் கையில் வைத்திருப்பதே குற்றம், தண்டம் குறைந்தது பத்தாயிரம் ரூபாய். கமிஷனுக்கு மாற்றித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் பேச்சே கொடுக்காதீர்கள், அது மோசடி. மதினி இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். மற்றதை வெந்நீர் அடுப்பில் போட்டோம்.

ஆனால் இரண்டாயிரம் ரூபாய் நோட்டு கிடைத்தால் மனசை விட்டுவிட வேண்டாம். 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாகத்தான் அறிவித்தார்கள், செல்லாது என்று சொல்லவில்லை. இப்போது சாதாரண வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள். சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு நேரில் போகலாம், அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தபால் ஆபீஸ் வழியாக அனுப்பலாம், பணம் நம் வங்கிக் கணக்கில் வந்துவிடும்.

கரையான் அரித்த நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் முழுப் பணம் கிடைக்கும். 40-லிருந்து 80 வரை இருந்தால் பாதி. வங்கிக் கிளையிலேயே கொடுக்கலாம். பசையோ செல்லோடேப்போ போட்டு ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், கிடைத்தபடியே ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள்.

பாம்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நகைகளில் பலவற்றில் உள்ளே அரக்கு அடைத்திருப்பார்கள், கைக்குக் கனமாக இருப்பதெல்லாம் தங்கம் இல்லை. அதை வைத்து அவசரப்பட்டுப் பங்குக் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் ஆசாரி உருக்கிப் பார்த்துக் குறைந்த எடை சொல்லும்போது ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படுவார்கள். நாங்கள் உருக்கவே இல்லை, மதினி அப்படியே வைத்திருக்கிறாள்.

பணத்தை விடக் காகிதத்துக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த அந்த அடகு ரசீது கண்ணில் படாமல் போயிருந்தால், கூட்டுறவு வங்கியில் இருந்த அத்தையின் சங்கிலி ஏலத்துக்குப் போயிருக்கும். தவணை முடிய கொஞ்ச நாள்தான் பாக்கி. தபால் ஆபீஸ் பாஸ்புக், எல்ஐசி பத்திரம், சுயஉதவிக் குழு நோட்டு, யாருக்கோ கைமாத்துக் கொடுத்ததைக் காலண்டர் தாளில் குறித்து வைத்தது என்று எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் கிடந்தது. வங்கியில் பத்து வருஷம் தொடாமல் கிடந்த கணக்கு என்றால் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம்.

கிடைத்ததையெல்லாம் நடுக்கூடத்தில் ஒரு பாய் விரித்து வைத்து, கோயம்புத்தூரில் இருக்கிற அத்தை மகன், எங்கள் அத்தானை வீடியோ காலில் கூப்பிட்டு, அவர் பார்க்க எண்ணி, ஒரு நோட்டில் எந்த இடத்தில் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இது ரொம்ப அவசியம். கூடப் பிறந்தவர்கள் பேசாமல் போனதற்கு இந்த மாதிரி ஒரு சாயங்காலம்தான் காரணம் என்று எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்.

சொந்தத்தில் ஒரு பெரியவர், "பொம்பளப் பிள்ளைக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே, அவளுக்கு எதுக்கு இதில் பங்கு" என்று ஆரம்பித்தார். அந்த இடத்தில் நான் சும்மா இருக்கவில்லை. உயில் எழுதாமல் போன தாயின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், இத்தனையும் ஒரு பொம்பளை ஆம்பளைகளுக்குத் தெரியாமல் சேர்த்த பணம், அதை அவள் மகளுக்கு இல்லை என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? அத்தான் போனிலேயே அந்தப் பெரியவரிடம், "மாமா, அதெல்லாம் சரிபாதிதான், விடுங்க" என்று முடித்துவிட்டார். சடங்கு என்று எழுதியிருந்ததை மட்டும் பங்கில் சேர்க்காமல் பேத்தி பெயரில் போட்டார்கள்.

அந்த மஞ்சள் பையில் ஒரு பிஎஃப் அட்டையும் இருந்தது. அத்தை முதலில் சுற்றிப் போட்ட கம்பெனியினுடையது. பின்னால் வேறு கம்பெனிக்கு மாறியபோது பழைய கணக்கில் இருந்ததை எடுக்கவே இல்லை போல. அட்டையில் அத்தையின் அப்பா பெயர், ஆதாரில் மாமா பெயர், பிறந்த வருஷமும் ஒத்துப்போகவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்குச் சான்று வாங்கி, வாரிசுச் சான்றிதழோடு, இறந்தவரின் பிஎஃப் பணத்தைக் கேட்கிற படிவம் 20 கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன், எங்கள் பக்கம் பீடி சுற்றின அம்மாக்கள் இருக்கிற வீட்டுக்கெல்லாம் அது தேவைப்படும்.