கோடிட்ட வாக்கியங்கள்: ஒரு ஜிமேட் நாட்குறிப்பு

2023 அக்டோபர் 8, ஞாயிறு

எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வுக்கு ஜனவரி 20-க்குத் தேதி பதிந்தாயிற்று. அதற்கு மேல் அதிகம் தள்ள முடியாது. பழைய ஜிமேட் 2024 ஜனவரி 31-உடன் முடிகிறது. நவம்பரில் வரப்போகும் ஃபோக்கஸ் என்ற புதிய பதிப்பில் சென்டன்ஸ் கரெக்‌ஷன் என்ற வாக்கியத் திருத்தப் பகுதியே கிடையாது. அலுவலகத்தில் பலரும் அதற்காகவே காத்திருக்கிறார்கள். எனக்கோ வெர்பல் என்ற ஆங்கில மொழிப் பகுதியில் பிடித்ததே இதுதான்.

வெர்பலில் 36 கேள்விகள், 65 நிமிடம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வகை. ஒரு நீள வாக்கியம், அதில் ஒரு பகுதிக்கு அடியில் கோடு, ஐந்து விடைகள். முதல் விடை கோடிட்ட பகுதியேதான், எழுத்து மாறாமல். அதை மறுபடி படிப்பது வீண். இங்கே ஒரு கேள்வியை ஒன்றேகால் நிமிடத்தில் முடித்தால்தான் நீளமான பத்திகளைப் படிக்க நேரம் மிஞ்சும்.

அக்டோபர் 11, புதன்

பயிற்சி வகுப்பில் இன்று கொடுத்த சூத்திரங்கள்: 'பீயிங்' இருந்தால் அந்த விடையை அடி. குழப்பமாக இருந்தால் மிகச் சிறிய விடையை எடு. எல்லோரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அதிகாரப்பூர்வ கேள்விகளிலேயே 'பீயிங்' உள்ள சரியான விடைகள் உண்டு. கேள்வி தயாரிக்கிறவர்களுக்கு இந்தக் குறுக்குவழிகள் தெரியாதா என்ன!

அக்டோபர் 24, செவ்வாய். திருச்சி

நேற்று சரஸ்வதி பூஜை என்பதால் கைடையும் பூஜையில் வைத்துவிட்டேன். ஒரு நாள் நிம்மதி. இன்று விஜயதசமி, எடுத்தாக வேண்டும்.

அத்தை தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னடி படிக்கிற, சொல்லு பார்ப்போம்" என்றார். கையிலிருந்த வாக்கியத்தின் அமைப்பைத் தமிழில் சொன்னேன்: 'வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பி, பஸ் போய்விட்டது.'

"கிளம்பினது யாரு, பஸ்ஸா?"

அவ்வளவுதான் கேள்வியே! அத்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. செய்து, செய்யூ, செய்பு என்ற மூன்று எச்சங்களும் தன் வினைமுதலை, அதாவது செயலைச் செய்தவரை, கொண்டே முடிய வேண்டும் என்று தொல்காப்பிய வினையியலில் இருக்கிறதாம். கிளம்பியவள் நான் என்றால் தவறவிட்டவளும் நானாகத்தான் இருக்க வேண்டும். "அப்போ 'மழை பெய்து குளம் நிறைந்தது'?" என்று மடக்கினேன். அது 'பெய்ய' என்பதன் திரிபு, எச்சத்திரிபு என்று பெயரே கொடுத்து வைத்திருக்கிறார்களாம். ஜிமேட்டில் அப்படிச் சலுகை கிடையாது. 'லீவிங் தி ஹவுஸ் லேட்' என்று தொடங்கினால், காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாய் கிளம்பிய ஆளாகவே இருக்க வேண்டும்.

மாலை முழுக்க இந்த வகையை மட்டும் எடுத்துப் பார்த்தேன். தொடக்கத் தொடருக்குக் கோடு இல்லையென்றால் அது மாறாது. எனவே, அடுத்து யார் வருகிறார் என்று ஐந்து விடைகளின் முதல் சொற்களை மட்டும் பார்த்தாலே இரண்டு மூன்று கழன்றுவிடும். வாக்கியத்தின் கடைசியில் காற்புள்ளி போட்டு 'விச்' வந்தால் வேறு கதை. 'ரயில் தாமதமானது, விச் எங்களைக் கோபப்படுத்தியது' என்று பேச்சில் சொல்லலாம். இந்தத் தேர்வில் 'விச்' ஒரு பெயர்ச்சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும், முழு நிகழ்ச்சியை அல்ல. விளைவைச் சொல்ல அங்கே 'இங்' வடிவம் வேண்டும்.

நவம்பர் 5, ஞாயிறு

ஒருமை பன்மைதான் நம் ஊர்க்காரர்களுக்குக் கண்ணி. 'மாடுகள் வந்தது' என்று பேசிப் பழகிய வாய் நமக்கு. 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ்' என்றதும் காது பக்கத்திலிருக்கும் மாம்பழங்களைப் பார்த்துப் பன்மைக்கான 'வேர்' கேட்கிறது. இடையில் நிற்கும் 'ஆஃப்' தொடரை விரலால் மூடிவிட்டுப் படித்தால் ஒருமைக்கான 'வாஸ்' தெரிகிறது. 'எ நம்பர் ஆஃப்' பன்மை, 'தி நம்பர் ஆஃப்' ஒருமை. இது மனப்பாடம், வேறு வழியில்லை.

'கம்பெனியில சொல்லிட்டாங்க' என்பது அலுவலகத்தில் தினமும் கேட்பது. தேர்வில் கம்பெனி என்றால் 'இட்'தான், 'தே' வராது.

வகுப்பில் கொடுத்த மரபுத்தொடர் பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது. ஓரம் கட்டிவிட்டேன். அர்த்தத்தைப் பார்த்தே தவறான நான்கில் மூன்று விடைகளை அடிக்க முடியும்போது, எந்த வினைக்கு எந்தப் ப்ரெபோசிஷன் என்று உருப்போடுவது கடைசி வேலை.

டிசம்பர் 7, வியாழன். சென்னை

மிக்ஜாம் புயலுக்குப் பின் இப்போதுதான் கரண்ட் வந்திருக்கிறது. வேளச்சேரிப் பக்கம் இன்னும் தண்ணீர் நிற்கிறது. லேப்டாப் செத்துக் கிடந்ததால் அச்சுப் புத்தகத்தோடு மெழுகுவர்த்தியில் உட்கார்ந்தேன், ஒப்பீட்டுக் கேள்விகளோடு.

'சென்னையின் மழை பெங்களூரைவிட அதிகம்' என்றால் தமிழில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். தேர்விலோ, மழையை ஓர் ஊரோடு எப்படி ஒப்பிடுவாய் என்று கேட்பார்கள். மழைக்கு மழை நிற்க வேண்டும்: 'தட் ஆஃப் பெங்களூரு'. 'நாட் ஒன்லி', 'பட் ஆல்சோ' வந்தாலும் இரண்டுக்கும் பின்னால் ஒரே உருவம் வேண்டும். 'பாடுவதும் சமைக்கவும் பிடிக்கும்' என்றால் நமக்கே இடறுகிறதே, அதே இடறல்தான்.

2024 ஜனவரி 20, சனி

முடிந்தது. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போனோம், அதனால் இங்கும் எழுதவில்லை. விடையளித்தால்தான் அடுத்த கேள்வி வரும், திரும்பிப் போகவும் முடியாது. இரண்டு விடைகளில் சிக்கிய இடங்களில் எது சொல்ல வந்ததைச் சொல்கிறது என்று ஒருமுறை கேட்டு, அழுத்திவிட்டு நகர்ந்தேன். திரையில் வந்த மதிப்பெண் போதும், விண்ணப்பிக்கலாம்.

டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், "அக்கா, உங்க நோட்ஸ் தருவீங்களா?" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அவன் எழுதப்போவது ஃபோக்கஸ். இலக்கணப் பக்கங்களை எடுத்துவிட்டு, வாதங்களை அலசும் கிரிட்டிகல் ரீசனிங் பக்கங்களை மட்டும் திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும்.