மழை எண்ணும் பெட்டி

ஓகஸ்ட் விடுமுறையில் மலையகத்தில் வட்டவளைப் பக்கம் முகாம் வைக்கிறேன் என்றால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த மழையிலயா?" மழைக்காகத்தான் அந்த மாதத்தையே எடுக்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும் நேரம் அது. மழைமானி செய்கிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

நான் தொழில்நுட்பவியல் படிப்பிக்கிறேன். முகாம் நடப்பது ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். வருகிறவர்கள் தரம் 7 முதல் 10 வரை படிக்கும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளைகள். மூன்று பேருக்கு ஒரு பழைய லெப்டொப், ஒரு ஆர்டுயினோ பலகை (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகை), கொஞ்சம் வயர். மற்றதெல்லாம் வீட்டிலும் குப்பையிலும் கிடைப்பவை: யோகட் கோப்பை, உடைந்த குடையின் கம்பி, வெற்றுப் போத்தல், மருந்து ஊசியில்லாத சிரிஞ்ச்.

கடைகளில் விற்கும் ரொபோ கார் பெட்டிகளை நான் வாங்குவதில்லை. பணம் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் வேறு. அதற்குள் ஒரு கையேடு இருக்கும். முதலாம் படி, இரண்டாம் படி என்று போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே எல்லாக் காரும் ஓடும். எல்லாம் ஒரே மாதிரி ஓடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அடுத்த நாள் "இன்னைக்கு என்ன டீச்சர் செய்யப் போறோம்?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. கஷ்டமான ஒன்றைக் கொடுத்தால் அடுத்த நாள் அவர்களே வந்து "நேத்து ராத்திரி யோசிச்சேன்" என்று தொடங்குவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லேசானதைத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனிதர்கள் நிறையப் பேரைச் சந்தித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆகவே முதல் நாள் ஒரு தாள்தான் கொடுப்பேன். அதில் இவ்வளவுதான் இருக்கும்: மழையைத் தானாக எண்ணும் ஒரு பெட்டி செய்யுங்கள். இரவில் யாரும் பார்க்காதபோதும் அது எண்ண வேண்டும். அளவு மீறினால் சத்தம் போட வேண்டும்.

ஏன் சத்தம் போட வேண்டும் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் முழுக்க மண் சரிந்ததை அவர்களே கண்டார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகளைப் பலகையில் எழுதினேன். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் அவதானம், 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேறு. அதை எழுதி முடிக்கும்வரை மண்டபத்தில் ஒரு பேச்சும் இல்லை. அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "அப்ப எங்க வீட்டுக்கு மேல எத்தன பெஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?" அங்கிருந்து வேலை தொடங்கியது.

பொறிமுறை சிக்கலானதில்லை. போத்தலின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்தால் புனல். புனலுக்குக் கீழே சீசோ மாதிரி ஆடும் இரண்டு சின்னக் கோப்பைகள். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும், மற்றது மேலே வந்து நிற்கும். நடுவில் ஒட்டிய சிறு காந்தம் ஒவ்வொரு சாய்விலும் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்து போகும். காந்தம் கிட்ட வரும்போது சுவிட்ச் மூடும், ஆர்டுயினோ ஒன்று கூட்டும். சொல்லும்போது இவ்வளவுதான்.

செய்யும்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் கணக்கு. 1.5 லீட்டர் போத்தலின் புனல் வாய் விட்டம் 9 சென்ரிமீற்றர். பை ஆர் வர்க்கம் போட்டால் பரப்பளவு ஏறக்குறைய 63.6 சதுர சென்ரிமீற்றர். அப்படியானால் ஒரு மில்லிமீற்றர் மழைக்குப் புனலில் விழுவது 6.4 மில்லிலீற்றர் போல. கோப்பை 3.2 மில்லிலீற்றரில் சாய்ந்தால் ஒரு சாய்வு அரை மில்லிமீற்றர், 75 மில்லிமீற்றருக்கு 150 சாய்வு. பரீட்சைத் தாளில் வட்டத்தின் பரப்பளவைப் பார்த்தாலே பின்வாங்கும் பிள்ளை, இங்கே அடிமட்டத்தைப் புனலின் மேல் வைத்து "8.9 ஆ 9 ஆ?" என்று சண்டை போடுகிறது.

பிறகு கோப்பை. சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு எத்தனை மில்லிலீற்றரில் சாய்கிறது என்று பார்த்தார்கள். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4.5. குடைக்கம்பி அச்சு துளையில் இறுகிப் பிடிக்கிறது. துளையைப் பெருப்பித்தால் கோப்பை பக்கவாட்டில் ஆடுகிறது. இரண்டு பக்கமும் சமமாகச் சாய, கோப்பை வந்து தட்டும் இடத்தில் ஒவ்வொரு திருகாணியைப் பொருத்தி, அதை ஏற்றி இறக்கி, மறுபடி சிரிஞ்ச், மறுபடி திருகாணி. ஒரு குழு இதிலேயே ஒரு முழு நாளை விட்டது. அவசரப்படுத்தவில்லை.

அடுத்தது நிரல். இந்த இடத்தில்தான் நான் முகாமையே நடத்துவதற்கான காரணத்தைக் கண்ணால் பார்த்தேன்.

சுவிட்ச் மூடியிருந்தால் ஒன்று கூட்டு என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை கோப்பையை விரலால் ஒரு தடவை சாய்த்தாள். திரையில் 17. மறுபடி சாய்த்தார்கள். 40 ஐத் தாண்டிவிட்டது. வயரைப் பிடுங்கிச் செருகினார்கள், பலகையை மாற்றினார்கள், "இது பழுதானது டீச்சர்" என்றார்கள். உதவிக்கு வந்திருந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் கை விசைப்பலகைப் பக்கம் போனது. எங்கள் முகாமில் ஒரு சட்டம் உண்டு. பெரியவர்களின் கை விசைப்பலகையையும் திருகாணி முடுக்கியையும் தொடக் கூடாது. கேள்வி கேட்கலாம். அவர் கையை எடுத்துவிட்டு, "காந்தம் சுவிட்சுக்குப் பக்கத்தில எவ்வளவு நேரம் நிக்குது?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் கோப்பையை மிக மெதுவாகச் சாய்த்துப் பார்த்தாள். எண் ஏறிக்கொண்டே போனது. சட்டென்று நிமிர்ந்தாள்.

"டீச்சர், கொழுந்து நிறுக்கிறப்ப ஆள் தராசு கிட்ட நிக்கிற வரைக்கும் கணக்குப்பிள்ள எழுதிக்கிட்டே இருப்பாரா? வந்ததும் ஒரு தடவதான் எழுதுவாரு. அந்தாள் போயி அடுத்த ஆள் வந்தாத்தான் மறுபடி எழுதுவாரு. இந்தப் பலகைக்கு ஆள் போனது தெரியல."

தரம் 8 பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. முன்பிருந்த நிலையை வைத்திருக்க ஒரு மாறி வேண்டும், முன்பு திறந்திருந்து இப்போது மூடினால் மட்டும் கூட்ட வேண்டும் என்று மூவரும் பேசிப் பேசியே எழுதினார்கள். 17 என்பது 2, 3 என்று குறைந்தது. மிச்சத்துக்குக் காரணம், சுவிட்சுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் தொடும்போது துள்ளுவது. ஒருமுறை கூட்டியதும் 50 மில்லிசெக்கன் பொறுத்துவிட்டுப் பார் என்று ஒரு வரி சேர்த்ததும் சாய்வுக்கு ஒன்று சரியாக வந்தது. அவர்கள் போட்ட கூச்சலில் பூசகர் ஐயா எட்டிப் பார்த்தார்.

அந்தப் பிள்ளை வயரைத் தொட்டதே எங்கள் இன்னொரு சட்டத்தால்தான். சும்மா விட்டால் பையன்கள் கருவிகளை எடுத்துக்கொள்வார்கள், பெண்பிள்ளைகள் அழகான எழுத்தில் குறிப்பெடுப்பார்கள். எந்தப் பாடசாலையிலும் இதைக் காணலாம். அதனால் போன சோதனையில் குறிப்பு எழுதியவர்தான் அடுத்த சோதனையில் வயர் பொருத்த வேண்டும், அதற்கடுத்து விசைப்பலகை. யாரும் தப்ப முடியாது.

மழைப்பெட்டிக்குப் பதிலாக வேறு வேலை செய்த தண்ணீர்ச் சக்கரக் குழுவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கரண்டிகளைப் பழைய சீடியைச் சுற்றி ஒட்டி, கூரைப் பீலித் தண்ணீரில் சுழலவிட்டு எல்இடி எரிய வைப்பது அவர்கள் வேலை. விளையாட்டுக் கார் மோட்டரைப் பொருத்தினால் அந்த மெதுவான சுழற்சிக்கு எரியாது. பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டரைப் போட்டதும் எரிந்தது, அது மெதுவாகச் சுற்றினாலே போதிய வோல்ற்றளவு தரும். அந்தப் பக்கத்து மலைக்கு அப்பால்தான் லக்ஷபான நீர்வீழ்ச்சி. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அந்த நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இல் கட்டுரை வாசித்தார், அங்கே மின் நிலையம் இயங்கியது 1950 இல் என்றேன். "அதுவரைக்கும் அவரு உசுரோட இருந்தாரா?" என்று கேட்டார்கள். இருந்தார், காலமானது 1953 இல். அதைக் கேட்டதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி.

ஒரு தகப்பன் வந்து, "இது ஓ.எல். பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்றார். நியாயமான கேள்வி, பிள்ளையைப் படிக்க வைக்க அவர் படும் பாடு எனக்குத் தெரியும். கேள்வித்தாளில் இந்தப் பெட்டி வராது, ஆனால் உங்கள் மகன் புரியாத கணக்கின் முன்னால் முன்பைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறான், அதைக் கவனித்துப் பாருங்கள் என்றேன். ஒரு பாட்டி சொன்னது வேறு: "மழையை மட்டும் எண்ணாதீங்க. ஊத்துத் தண்ணி கலங்கினாலும் ஓடணும்." அதையும் சுவரில் எழுதி ஒட்டினோம். வெளியேறுவதைத் தீர்மானிக்க அதிகாரிகளின் அறிவித்தல் இருக்கிறது, நிலத்தில் விழும் வெடிப்பும் சாயும் மரமும் இருக்கின்றன. பெட்டி அவற்றுக்குத் துணை மட்டுமே என்பதைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

தோட்ட அலுவலகத்தில் காலையில் மழை அளந்து புத்தகத்தில் எழுதுவார்கள். அந்த எண்ணோடு எங்கள் எண்ணை ஒப்பிட அனுமதி கேட்டோம், தந்தார்கள். தூறல் நாட்களில் இரண்டும் ஒத்துப் போயின. கொட்டிய ஒரு நாளில் அலுவலகத்தில் 62, எங்களிடம் 55. கோப்பை சாய்ந்து திரும்பும் கணத்திலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது, அந்தத் தண்ணீர் கணக்கில் வருவதில்லை. வானிலை நிலையங்களில் உள்ள இதே வகை மழைமானிகளுக்கும் கடும் மழையில் இந்தக் குறை உண்டு. எச்சரிக்கைப் பெட்டிக்கு இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் சரியாகத் தேவைப்படும் நேரத்தில்தான் குறைத்துச் சொல்கிறது.

ஒரு குழு புனலைச் சிறிதாக்கச் சொல்கிறது. அப்போது தண்ணீர் மெதுவாக இறங்கும், ஆனால் ஒரு சாய்வு அரை மில்லிமீற்றரைவிட அதிகமாகும், தூறல் சரியாகத் தெரியாது. மற்றக் குழு புனலைத் தொடாதே, சாய்வுகள் நெருங்கி வந்தால் நிரலிலேயே கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்கிறது. எவ்வளவு கூட்டுவது என்பதற்கு அவர்களிடம் இன்னும் பதில் இல்லை. டிசம்பர் விடுமுறையில் இரண்டையும் செய்து அலுவலக மழைமானிக்குப் பக்கத்தில் வைப்பதாக முடிவு. அதற்கு ரீட் சுவிட்சுகள் இருக்கின்றன, காந்தமும் இருக்கிறது. சக்கரக் குழுவுக்குத்தான் ஸ்டெப்பர் மோட்டர் போதவில்லை. பழுதான பிரிண்டர் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், ஹட்டன் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். மை காய்ந்திருந்தாலும் பரவாயில்லை, மோட்டர் சுற்றினால் போதும்.