எங்கள் சந்துக்காரர்கள் கூடிவிட்டோம்

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் எங்கள் சந்தில் இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். இதற்குள் ஜவுளிக் கிட்டங்கிக்கு (சரக்குக் கிடங்குக்கு) சரக்கு இறக்கும் வேன்கள் வேறு. போன மாதம் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் உள்ளே நுழைய வழியில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

மறுநாளே பிள்ளையார் கோயில் வாசலில் கூடினோம். பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். எரியாத தெருவிளக்குகளின் கம்பத்து எண்களைக் குறித்து மாநகராட்சியில் கொடுத்ததும் அவர்களே. வேன்கள் காலை 7 மணிக்குள் சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று கடைக்காரர்களிடம் பேசி முடித்தோம். சந்தில் கண்காணிப்புக் கேமரா வைக்க வீட்டுக்கு வீடு வசூல். திருவிழாவுக்குக் கொடுப்பது போலவே கொடுத்தார்கள்.

எனக்குப் பெரிய கவலை வீடுகளைப் பற்றித்தான். திண்ணை வைத்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுக் கிட்டங்கியாகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரக் கலெக்டர் பிளாக்பர்ன் ஊரைச் சுற்றியிருந்த கோட்டையை இடித்த பிறகுதான் வெளி வீதிகளே வந்தன. ஊர் வளரத்தான் செய்யும், சரி. ஆனால் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும் தெருவில் சங்கிலி பறிக்க வருகிறவன் யோசிப்பான். பூட்டிய கிட்டங்கி யாரைப் பார்க்கப் போகிறது?

வார்டு மக்கள் தங்கள் பகுதிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறோம். அப்புறம், வீட்டை விற்க நினைப்பவர்கள் முதலில் சந்துக்காரர்களிடம் சொல்லுங்கள். குடியிருக்க வருகிறவர்களைத் தேடித் தருவது எங்கள் பொறுப்பு.