நிற்கிற வயதும் நிற்காத உதிரமும்

வலங்கைமான், பாபநாசம், நீடாமங்கலம் பக்கத்துப் பெண்கள் வந்துபோகும் ஒரு மகளிர் கிளினிக்கில் செவிலியராக இருக்கிறேன். நாற்பதைத் தாண்டி உதிரப்போக்கோடு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, “நிக்கிற வயசு சிஸ்டர், இப்படித்தானே இருக்கும்?” என்பதுதான். அதற்கு நான் ஆமாம் போடுவதில்லை. உதிரம் கூடுவதற்கு வயது ஒரு காரணம், அவ்வளவுதான். எவ்வளவு போகிறது, எந்த மாத்திரையை எப்போது சாப்பிட்டார் என்று தெரியாமல் டாக்டரால் எதுவும் சொல்ல முடியாது. அதைக் கேட்டு வாங்குவது என் வேலை.

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில் சில மாதம் முட்டை வெளியாகும், சில மாதம் ஆகாது. ஆகாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜென் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிமனாக்கிக்கொண்டே போகும். அது கழியும்போதுதான் பெரும்பாடு, அதாவது அளவுக்கு மீறிய உதிரப்போக்கு.

உடம்பு குப்பென்று சூடாகிறது, ராத்திரியில் வேர்த்துக் கொட்டுகிறது, தூக்கமில்லை என்று வருகிறவர்களுக்கு டாக்டர் ஹார்மோன் சிகிச்சை எழுதுவார். ஈஸ்ட்ரோஜென் ஜெல்லாகவோ மாத்திரையாகவோ தினமும். கர்ப்பப்பை இருக்கும் பெண்ணுக்கு அதோடு புரோஜெஸ்டிரோனும் கட்டாயம். மாதவிலக்கு இன்னும் நிற்காதவர்களுக்குப் பொதுவாக மாதத்தில் 12 முதல் 14 நாள். இந்த இரண்டாவது மாத்திரையில்தான் சிக்கலே.

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். சிகிச்சை தொடங்கியதும் சூடு அடங்கிவிட்டது, ஆனால் உதிரப்போக்கு கூடிவிட்டது. இரண்டு நாப்கினைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கிறார். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 8. “எல்லா மருந்தும் சாப்பிடுறீங்களா டீச்சர்?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். அதனால் அப்படிக் கேட்காமல், “எந்த மாத்திரை ஒத்துக்கல டீச்சர்?” என்று கேட்டேன். உடனே சொல்லிவிட்டார். மறந்துவிடக் கூடாதென்று புரோஜெஸ்டிரோனையும் காலையிலேயே சாப்பிட்டிருக்கிறார். முதல் பீரியடிலேயே தூக்கம் சொக்கியதால் அதை மட்டும் விட்டுவிட்டார். ஜெல் தினமும் தடவிக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை இல்லாமல் ஈஸ்ட்ரோஜென் மட்டும் நெடுநாள் போனால் உள்சவ்வு தடித்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம். டாக்டர் ஸ்கேன் எடுத்து, உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பயப்படும்படி ஒன்றுமில்லை. மாத்திரை படுக்கப்போகும் நேரத்துக்கு மாறியது, இரும்புச்சத்தும் தொடங்கியது.

கோயில் நிறைந்த ஊர் எங்களுடையது. குலதெய்வப் படையல், கல்யாணம், கும்பாபிஷேகம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ‘நாள் தள்ளிப்போகிற மாத்திரை’ என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அது நோரெதிஸ்டிரோன், அதுவும் ஒரு ஹார்மோன்தான். ஏற்கெனவே ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர் டாக்டரிடம் சொல்லாமல் இதையும் சேர்த்துப் போட்டால் கணக்கெல்லாம் கலைந்துவிடும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும்போது எதனால் வந்தது என்று யாருக்கும் புரியாது. இதற்காக யாரையும் திட்டக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஒருமுறை திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். தினசரி காலண்டர் தாளில் உதிரம் பட்ட நாள், மாத்திரை போட்ட நாள், இடையில் வேறு எது போட்டாலும் அதுவும் எழுதச் சொல்கிறேன்.

ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் தாறுமாறாக உதிரம் படுவது சகஜம். ஆறு மாதமாகியும் சீராகவில்லை என்றால் பார்த்தே ஆக வேண்டும். உதிரம் அதிகமாகப் போனால் அதுவரை காத்திருக்கவும் கூடாது.

வயல்வேலைக்குப் போகும் அக்காக்களில் ஹார்மோன் சிகிச்சை எடுப்பவர்கள் அரிது; ஆனால் பெரும்பாடு அவர்களுக்கும் உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நிற்க வேண்டும். ‘மணிக்கொரு நாப்கின் மாற்றுகிறீர்களா’ என்பது நாங்கள் படித்த கேள்வி. மாற்ற மறைவே இல்லாதவரிடம் அதைக் கேட்டு என்ன பயன்? “பத்து ரூபாய்க் காசைவிடப் பெரிசா கட்டி போகுதாக்கா? இதனால கூலி விட்டீங்களா? கரையேறினா தலை சுத்துதா?” என்று கேட்கிறேன். அப்போதுதான் உண்மை வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதன் மேல் இதுவும் சேர்ந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்!

“எடுத்துப் போட்டுடுங்க சிஸ்டர்” என்று கர்ப்பப்பையைச் சொல்பவர்கள் நிறைய. எடுத்தே ஆகவேண்டிய சிலர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2023-ல் உச்ச நீதிமன்றமே தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதற்கு முன் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. உதிரம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் மாத்திரை இருக்கிறது. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோனைச் சுரக்கும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம் இருக்கிறது. அது உதிரப்போக்கை வெகுவாகக் குறைக்கும், ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவருக்குப் புரோஜெஸ்டிரோனின் பங்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். காப்பர்-டி போட்டு அவதிப்பட்டவர்கள் இதைப் பார்த்ததும் பின்வாங்குகிறார்கள். மாதிரியைக் கையில் கொடுத்து, இது வேறு என்று விளக்குகிறேன். சிலர் அன்றைக்கே சரி என்கிறார்கள், சிலர் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறார்கள். அவர்களிடமும் காலண்டர் தாளை மறக்காமல் கொண்டுவரச் சொல்லி, அடுத்த தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.