காற்றாலை ஜெனரேட்டர்: காந்தம் முதல் இறக்கை வரை

நானே ஒரு சின்னக் காற்றாலை செய்துகொண்டிருக்கிறேன். கரண்ட் எடுக்க, பழைய கார் ஆல்டர்னேட்டரை (காரில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்) மாட்டிவிட்டால் போதும் என்றுதான் பலர் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒத்துவரவில்லை. இறக்கையின் வட்டம் 2 மீட்டர் விட்டம். நொடிக்கு 3 மீட்டர் காற்றில், நுனி காற்றைவிட 6 மடங்கு வேகமாக ஓடினாலும் நிமிடத்துக்குச் சுமார் 170 சுற்றுதான். ஆல்டர்னேட்டருக்கோ ஆயிரத்துக்கு மேல் வேண்டும். போதாக்குறைக்கு அதன் காந்தப்புலத்துக்கே பேட்டரி கரண்ட் கொடுக்க வேண்டும். ஆகவே எதிரெதிராக இரண்டு காந்தத் தட்டுகள், நடுவே அசையாத கம்பிச் சுருள்கள் என்று முடிவானது.

காந்தத்தில்தான் அதிகம் யோசித்தேன். ஃபெரைட் காந்தம் மலிவு, துருப்பிடிக்காது, சூடும் தாங்கும். ஆனால் மெதுவாகச் சுற்றும்போதே வோல்டேஜ் வர அதன் வலு போதாது. நியோடிமியம் காந்தமே சரி. அதில் வலு கூடிய என்52 ரகத்துக்கு ஆசைப்படவில்லை. என்42 அதைவிடப் பத்து சதவீதம் போலத்தான் வலு குறைவு, விலையோ நன்றாகவே குறைவு. சாதாரண ரகங்கள் 80 டிகிரிக்கு மேல் சூடானால் வலு இழக்கும். நிக்கல் பூச்சு கீறினால் துரு ஏறிவிடும் என்பதால் காந்தங்களுக்கு மேல் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றிவிட்டேன்.

தட்டுக்கு அலுமினியம் எடுத்தால் எடை குறையும். ஆனால் காந்தப்புலம் பின்பக்கம் வளைந்து அடுத்த காந்தத்துக்குப் போக இரும்பு வேண்டும். 8 மி.மீ. இரும்புத் தகடு வெட்டி வாங்கினேன். காந்தங்களை ஒட்டிய பிறகு தகட்டின் முதுகில் ஒரு சின்ன ஸ்க்ரூவை வைத்துப் பார்த்தேன். ஒட்டாமல் நழுவி விழுந்தது. தகடு மெலிதாக இருந்தால் புலம் கசிந்து ஸ்க்ரூ கப்பென்று பிடித்துக்கொள்ளும். காசில்லாத சோதனை, செய்து பாருங்கள். விரல் மட்டும் பத்திரம்!

தட்டுக்கு 12 காந்தம், நடுவில் 9 சுருள், மூன்று ஃபேஸ். தடித்த எனாமல் செம்புக் கம்பி மூலைகளில் வளைய மறுத்துப் புடைத்துக்கொண்டு நின்றது. மெல்லிய கம்பி இரண்டைச் சேர்த்துச் சுற்றியதும் சுருள் தட்டையாகப் படிந்தது. சுழல் மின்னோட்ட இழப்பும், அதாவது மாறும் காந்தப்புலத்தால் கம்பிக்குள்ளேயே கரண்ட் சுழன்று வீணாவதும், இதில் குறைவு.

இறக்கைக்குப் பிவிசி குழாயை வெட்டுவது சுலபம்தான். ஆனால் வெயிலில் நொறுங்கும் பொருள், வேகமாகச் சுற்றும் இடத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. முடிச்சில்லாத, நேரான இழையுள்ள பைன் மரம் எடுத்திருக்கிறேன். பேரிங்குக்குக் கார் சக்கர ஹப்.

அடுத்தது ஸ்டேட்டர் வார்ப்பு, அதாவது சுருள்களை ரெசினில் பதித்து அசையாத தட்டாக்குவது. பாலியெஸ்டர் ரெசினைவிட வினைல் எஸ்டர் ரெசின் சூட்டையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும், அதையே வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணாடியிழைத் துணியை அளவுக்கு வெட்டியாகிவிட்டது, அச்சுக்கு மெழுகு பூசுவதுதான் பாக்கி.