இருபது சதவீதம்

"அப்போ இருபது பங்கு என் தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களா சார்?"

வழக்குகளைப் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்ததும், ரோட்டைக் கடக்கும்போது வண்டி இடித்துக் காலில் அடிபட்ட என் கட்சிக்காரரான அந்த அம்மா கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"ஒத்துக்கிறதுன்னு இல்லம்மா. பேசி முடிக்கறப்போ கொஞ்சம் விட்டுக் கொடுக்கறதுதான்."

"அந்த டிரைவரே கோர்ட்டுல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். இ.பி.கோ. 279 (கண்மூடித்தனமாக ஓட்டியது), 338 (அதனால் கொடுங்காயம்) இரண்டு பிரிவுகளிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அபராதம் கட்டிவிட்டுப் போனார் அந்த டிரைவர். அந்தத் தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்று கேஸ் பாதி முடிந்த மாதிரி என்றும் சொல்லியிருந்தேன். டிரைவர் ஒப்புக்கொண்டால் நடந்து போனவர் மேல் தப்பே இல்லை என்று ஆகிவிடாது. நஷ்டஈட்டை முடிவு செய்கிற விபத்துத் தீர்ப்பாயம் அதைத் தனியாகத்தான் பார்க்கும். இதை அன்றைக்கு நான் விளக்கவில்லை. விளக்கியிருந்தாலும் அவர் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்சூரன்ஸ் வக்கீல், விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த ரஃப் ஸ்கெட்சில் விரலை வைத்து, "ஜீப்ரா கிராசிங் இல்ல, நடு ரோடு. நாற்பது பெர்சன்ட் உங்க பார்ட்டி மேல" என்றார். நான் பத்து என்றேன். இருபதில் நின்றது. மொத்தக் கணக்கு ஏழரை லட்சம். கழித்தது போக ஆறு.

அந்த ஏழரையை எட்டவே ஒரு மல்லுக்கட்டு. தள்ளுவண்டியில் டிபன் கடை, வயது 48, மாதம் பன்னிரண்டாயிரம் என்று வைத்து, எதிர்கால வருமானத்துக்கு 25 சதவீதம் கூட்டி, வயதுக்கேற்ற பெருக்கு எண்ணைச் சொல்கிற சர்லா வர்மா தீர்ப்பின்படி 13-ஆல் பெருக்கினோம். மெடிக்கல் போர்டு தந்த ஊனச் சதவீதத்தை அப்படியே எடுக்க மாட்டேன் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். உச்ச நீதிமன்றத்தின் 2010 ராஜ்குமார் தீர்ப்பை எடுத்து வைத்தேன். உடம்பில் எவ்வளவு ஊனம் என்பது மட்டுமல்ல, அது பிழைப்பை எவ்வளவு கெடுத்தது என்று பார்க்கச் சொல்கிற தீர்ப்பு அது. நின்றுகொண்டே தோசை ஊற்றுகிறவருக்குக் கால் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். பிழைப்பு இழப்பு 25 சதவீதம் என்று ஒத்துக்கொண்டார். அங்கே ஜெயித்த தெம்பில்தான் இருபதில் இளகினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

சட்டப்படி பார்த்தால், நடந்தவர் மேலும் தப்பு உண்டு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஸ்கெட்சில் ஒரு புள்ளி நடு ரோட்டில் விழுந்துவிட்டால் அது நிரூபணம் ஆகிவிடாது. நடந்து போகிறவர்கள், முதியவர்கள், குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று 2017 வாகன ஓட்டும் விதிகளே சொல்கின்றன. இதையெல்லாம் வாதாடியிருக்கலாம். நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கவும் கூடும். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி ஹைகோர்ட்டுக்கு சி.எம்.ஏ. என்கிற மேல்முறையீடு போடும். அது எப்போது பட்டியலுக்கு வரும் என்று எந்த வக்கீலும் கட்சிக்காரருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. லோக் அதாலத் அவார்டுக்கு அப்பீல் கிடையாது, பணம் வந்துவிடும். அவருக்கு வட்டிக் கடன் இருந்தது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போயிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆவது பிரிவில் கொடுங்காயத்துக்கு வெறும் ஐம்பதாயிரம்தான். இப்படி யோசிக்கும்போது ஆறு லட்சம் நல்ல முடிவாகத்தான் தெரிகிறது.

அவார்டு தாளில் இருபது என்ற எண்ணே இல்லை. முழுமையான, இறுதியான தொகை என்று ஒரு வரி. அதையும் அவரிடம் சொன்னேன்: "உங்க தப்புன்னு இதுல எங்கேயும் எழுதலம்மா."

"என் தப்பு இல்லன்னு எழுதியிருக்கா?"

எழுதவில்லை. அப்படி எழுத லோக் அதாலத்துக்கு வேலையும் இல்லை. டிரைவர் ஒருநாள்கூடத் தீர்ப்பாயத்துக்கு வரவில்லை; எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே வழக்கு நடந்தது. அந்த அம்மா யாரிடமிருந்து அந்த வார்த்தையை எதிர்பார்த்தாரோ அவர் எந்த அறையிலும் இல்லை. அப்படிப் பார்த்தால் கேள்வி என்னிடம் வந்ததே அநியாயம். ஆனால் அந்த அறையில் அவர் சார்பில் பேசியவன் நான்தான்.

அந்த பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் வேறு எங்கே ரோட்டைக் கடப்பது? நடைபாதை கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் கிராசிங் கிடையாது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்கீழ் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றது. சரிதான். ஆனால் எங்கள் மனுக்களில் எதிர்மனுதாரர்கள் என்றால் டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ். ரோடு போட்டவர் பெயர் வராது. அவர் பங்கு யார் தலையிலாவது விழத்தானே வேண்டும்? நடந்து போனவர் தலையில் விழுகிறது. இது நான் தப்பித்துக்கொள்ளக் கண்டுபிடித்த வாதமா, உண்மையிலேயே சட்டத்தில் உள்ள ஓட்டையா என்று எனக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை.

போன மாதம் இன்னொரு கேஸ். மார்க்கெட் அருகே ரோட்டைக் கடந்த பெரியவர், இடுப்பெலும்பு முறிவு. அதே இன்சூரன்ஸ் வக்கீல் கேஸ் கட்டைத் திறக்கக்கூட இல்லை. "போன தடவை இருபதுக்கு வந்தீங்களே சார், அதையே வச்சுக்குவோம்" என்றார்.

"அது வேற கேஸ்" என்றேன். பதினைந்தில் முடிந்தது.